சனிக்கிழமை வேகம், ஞாயிற்றுக்கிழமை வேகம்

வணக்கம் நேயர்களே. கார் பந்தயத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். புதுச்சேரி, கடலூர் நேயர்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, ரேடியோவை அணைத்தால் போதும்.

பந்தயம் பார்ப்பவர்கள் ஓயாமல் போடும் சண்டை, யார் வேகமானவர் என்பதுதான். ஃபார்முலா ஒன்னில் ஒவ்வொரு அணிக்கும் கார் வேறு. ஆகவே இரண்டு அணிக்காரர்களை ஒப்பிட்டால், ஆளை அளக்கிறோமா, காரை அளக்கிறோமா என்று தெரியாது. ஒரே அணியில் ஓட்டும் இரண்டு பேரை ஒப்பிட்டால்தான் ஏதாவது பிடிபடும்.

அதிலும் சிக்கல் உண்டு. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ஒரே மாதிரி இரண்டு பஸ் கிளம்புகிறது. ஒன்று காலி. மற்றொன்றில் படிக்கட்டு வரை கூட்டம், போதாததற்கு அரியாங்குப்பத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. முதலில் மஞ்சக்குப்பம் வந்து சேர்ந்த டிரைவர்தான் கெட்டிக்காரர் என்பீர்களா? மாட்டீர்கள் அல்லவா?

பந்தயத்திலும் இதே கதைதான். 2010 முதல் நடுவில் எரிபொருள் நிரப்பக் கூடாது. பந்தயம் முழுவதற்கும் வேண்டிய எரிபொருளைக் கிளம்பும்போதே சுமந்துகொண்டுதான் போகவேண்டும். 10 கிலோ கூடினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.3 நொடி போய்விடும். ஆகவே ஒருவருடைய ஐந்தாவது சுற்றை இன்னொருவருடைய ஐம்பதாவது சுற்றோடு வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. டயரும் ஒரே வகையாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்கவேண்டும். முன்னால் கார் போனால் அது கலக்கிவிட்ட காற்றில் பின்னால் வருபவருக்கு டயர் பிடிப்புக் குறையும்; அந்தச் சுற்றுகளையும் தள்ளிவிடுங்கள். மிஞ்சுவதை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் நேரத்தை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு தடுமாற்றம் அதைக் கெடுத்துவிடும். இப்படிப் பார்த்து 0.1 நொடி வித்தியாசம் வந்தாலும் சாதாரணமில்லை. 60 சுற்றில் அது 6 நொடி.

எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். 1984, மெக்லாரன் அணி. நிக்கி லாடா, அலைன் ப்ராஸ்ட். பந்தயத்துக்கு முந்தின தகுதிச்சுற்றில் யார் வேகமோ, அவர்தான் முதல் இடத்திலிருந்து கிளம்புவார். அந்த ஆண்டு லாடா ஒரு பந்தயத்தில்கூட அப்படிக் கிளம்பவில்லை. ப்ராஸ்ட் மூன்று முறை கிளம்பினார், 7 பந்தயம் ஜெயித்தார். லாடாவுக்கு 5. பட்டம் யாருக்கு? லாடாவுக்கு! 72 புள்ளிக்கு 71.5, அரைப் புள்ளி வித்தியாசம்.

அந்த அரைப் புள்ளி எங்கே போனது தெரியுமா? மொனாக்கோவில். கொட்டும் மழை. ப்ராஸ்ட் முன்னால் போகிறார், பின்னால் அயர்டன் சென்னா என்ற புதுப் பையன் நெருங்கிக்கொண்டே வருகிறார். பந்தயத்தை நிறுத்துங்கள் என்று ப்ராஸ்ட் கையசைத்தார். நிறுத்தினார்கள். வெற்றி அவருக்குத்தான், ஆனால் பாதிப் பந்தயத்துக்குப் பாதிப் புள்ளி, 9-க்குப் பதில் 4.5. முழுப் பந்தயமும் ஓடி, சென்னாவிடம் தோற்று இரண்டாவதாக வந்திருந்தால்கூட 6 கிடைத்திருக்கும், பட்டமும் கிடைத்திருக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

சரி, பட்டம் போகட்டும், வேகத்துக்கு வருவோம். சனிக்கிழமைத் தகுதிச்சுற்று வேகம் வேறு, ஞாயிற்றுக்கிழமைப் பந்தய வேகம் வேறு. அந்த ஆண்டு பந்தயத்தின் அதிவேகச் சுற்றை லாடா 5 முறை போட்டார், ப்ராஸ்ட் 3 முறைதான். கடைசிப் பந்தயம் போர்ச்சுகலில். பதினோராவது இடத்திலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்த லாடாதான் அன்றைக்கும் அதிவேகச் சுற்று போட்டவர். முன்னால் போன ப்ராஸ்டுக்கு விரட்டவேண்டிய அவசியம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். அதிவேகச் சுற்று என்பதும் ஒரே ஒரு சுற்றுதானே. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையில் இருவருக்கும் இடைவெளி நூலளவுதான் என்பது என் கட்சி.

அப்புறம், நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைப் பற்றி விரிவாகப் பேசத்தான் வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். 2005, ஜோர்டான் அணி, கூட ஓட்டியவர் தியாகோ மான்டெய்ரோ. இண்டியானாபொலிஸில் மிஷலின் டயர் அணிகள் விலகிக்கொள்ள, ஆறு கார்தான் ஓடியது. மான்டெய்ரோ மூன்றாவது, நரேன் நான்காவது. ஆண்டு முடிவில் மான்டெய்ரோவுக்கு 7 புள்ளி, நரேனுக்கு 5. இந்த 7-ஐயும் 5-ஐயும் மட்டும் வைத்து நரேன் மெதுவானவர் என்று யாராவது சொன்னால், சுற்று நேரங்களை எடுத்துவரச் சொல்லுங்கள். வணக்கம்.