எஞ்சின் ஒன்று, பட்டறை மூன்று

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய கிராண்ட் டூரிங் காருக்கு, அதாவது நெடுந்தூரம் வேகமாகவும் சொகுசாகவும் போகிற காருக்கு, பேர் வாங்கித் தந்தது எஞ்சினா, பாடி கட்டிய பட்டறையா என்பது கேள்வி. நான் பட்டறைக் கட்சி.

எனக்கு முன்னால் பேசியவர் இத்தாலியின் லான்சியா கம்பெனி செய்த ஃபிளமினியா காரை வைத்து ஒரு பிடி பிடித்தார். பொறியாளர் பிரான்செஸ்கோ தெ விர்ஜிலியோவின் ஆறு சிலிண்டர் வி6 எஞ்சின், பின்பக்கம் கொண்டுபோய் வைத்த கியர் பாக்ஸ் என்று அடுக்கிவிட்டு, “மாவு சரியில்லாமல் தோசை வருமா?” என்று கேட்டுக் கைதட்டும் வாங்கினார்.

மாவு நல்ல மாவுதான் ஐயா, யார் இல்லை என்றது? அதே மாவில் இட்லி வந்தது, தோசை வந்தது, ஊத்தப்பமும் வந்ததே! மாவா போய்க் கல்லில் தானே ஊற்றிக்கொண்டது?

1957-இல் வந்த ஃபிளமினியா பெர்லினாவுக்கு, அதாவது செடான் வண்டிக்கு, உருவம் தந்தவர் டூரினின் பினின் ஃபரினா. நான்கு கதவு, நீளமான, அடக்கமான வண்டி, மந்திரிகளுக்குப் பொருத்தம். அதைக் கொஞ்சம் குறுக்கி இரண்டு கதவு கூபேயும் அவரே தந்தார். சரி, அது அண்ணன் தம்பி ஜாடை.

மிலானுக்கு வாருங்கள். பெர்லினாவில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2870 மி.மீ.; இங்கே டூரிங் என்ற பட்டறை கட்டிய ஃபிளமினியா ஜிடி மாடலுக்கு 2520. அந்தக் குட்டை அடித்தளத்தின் மேல் மெல்லிய இரும்புக் குழாய்களை வளைத்து எலும்புக்கூடு கட்டி, அலுமினியத் தகட்டைப் போர்த்தினார்கள். ‘சூப்பர்லெஜேரா’ என்று காப்புரிமை பெற்ற கைவேலை அது. முகத்தில் நான்கு வட்ட விளக்குகள். பெர்லினாவின் பக்கத்தில் நிறுத்தினால் சொந்தம் என்றே சொல்ல மாட்டீர்கள்.

அதே 2520-இல் மூன்றாவது பட்டறைக்காரர் சகாடோ என்ன செய்தார்? கூரையைத் தாழ்த்த வேண்டும், தலையும் இடிக்கக் கூடாது. ஓட்டுபவர் தலைக்கு மேல் ஒரு புடைப்பு, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று, நடுவில் பள்ளம்! அந்தப் பள்ளத்தில் மழைநீர் ஓடுவதைப் பார்ப்பதற்கே காசு கொடுக்கலாம் என்பேன். அப்புறம் சகாடோவின் வடிவமைப்பாளர் எர்கோலே ஸ்பாதா வந்து, சூப்பர் ஸ்போர்ட் என்ற மாடலின் வாலை நறுக்கென்று வெட்டிவிட்டார்.

எஞ்சினுக்கு மூன்று கார்புரேட்டர் போட்டார்கள், அதன் 2.5 லிட்டர் கொள்ளளவை 2.8 ஆக்கினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த 2.8 பெர்லினாவுக்கும்தானே கிடைத்தது? பிறகு ஏன் ஐயா, இன்றைக்கு ஏலத்தில் சகாடோவின் விலையைப் பெர்லினா எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை?

இன்னொன்று. 1961-இல் எலிசபெத் ராணி இத்தாலிக்கு வந்தபோது, இதே ஃபிளமினியாவை நீட்டித் திறந்த லிமோசினாகக் கட்டிக் கொடுத்தது பினின்ஃபரினா பட்டறை. ஜூன் 2 குடியரசு தின அணிவகுப்பில் இத்தாலியின் குடியரசுத் தலைவர் வருவது அந்த வண்டியில்தான். எதிரணி நண்பர் ரோமுக்குப் போனால், சாலையோரம் நிற்கிற கூட்டத்தில் எத்தனை பேர் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வந்து சொல்லட்டும். நன்றி.