மணிக்கட்டில் ஒரு நிமிடம்

எல்லோரும் இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலது கையின் இரண்டு விரல்களை வையுங்கள். துடிப்பு தெரிகிறதா? சரி, ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனியுங்கள். சீராக இருந்தால் நல்லது. இரண்டு சேர்ந்து வந்து, ஒன்று விட்டு, அப்புறம் மூன்று ஓடிவந்து, எந்தக் கணக்கிலும் அடங்காமல் துடித்தால் ஈசிஜி எடுத்துவிடுங்கள். அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். இதயத்தின் தாளம் தப்பும் இந்த நோய் பக்கவாதத்தைக் கொண்டுவரக்கூடியது.

நாடி தப்பினால் கைகால் ஏன் விழ வேண்டும்? இதயத்தின் மேல் அறைகள் சுருங்கி, ரத்தத்தைக் கீழே தள்ள வேண்டும். இந்த நோயில் அவை சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. இடது மேல் அறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பை உண்டு. ஓட்டம் இல்லாத அந்த மூலையில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி ஒருநாள் கிளம்பினால் கீழ் அறை, பெருந்தமனி, கழுத்துக் குழாய், மூளை. கட்டி பெரிதாக இருந்தால் பெரிய குழாயையே அடைத்துவிடும். இப்படி வரும் பக்கவாதம் ஆளையே சாய்த்துவிடுகிறது.

அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வு, இந்த நோய் இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு என்று காட்டியது. இந்த நோயோடு, ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வும் (இதயத்தின் இடது மேல், கீழ் அறைகளுக்கு நடுவில் உள்ள கதவு) சுருங்கியவர்களுக்கோ சுமார் 17 மடங்கு. அந்தக் காய்ச்சல் சின்ன வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின்னால் வருவது. அதனால் நம் நாட்டில் இது முதியவர்களோடு நிற்பதில்லை, இளம் தாய்மார்களுக்கும் வருகிறது.

மருந்து இருக்கிறது, அதுதான் ஆறுதல். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. அதைச் சாப்பிடும்போது, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். அடிக்கடி ஊசி குத்திப் பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகளும் வந்துவிட்டன. ஆனால் ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். படபடப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். படபடப்பே இல்லாமலும் இந்த நோய் இருக்கும். பல் பிடுங்கப் போகிறீர்களா? நிறுத்துவதா வேண்டாமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால், எந்த நாளில் மறுபடி தொடங்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.