பால் கேன்ல முளைச்ச பிளாக் ஐட் சூசன்

வணக்கம் மக்களே! ஆகஸ்ட் கடைசி ஆச்சு, அமெரிக்காவுல எங்க மேரிலேண்ட்ல வெயில் இன்னும் அடங்கல. இதோ என் கைல இருக்கே, மஞ்ச இதழ், நடுவுல குமிழ், இதான் பிளாக் ஐட் சூசன். 1918-லேர்ந்து எங்க மாநிலப் பூ. பேருதான் பிளாக், கிட்ட காட்டுறேன் பாருங்க, நல்ல டிகாக்‌ஷன் கலர்.

முத தடவ நான் பண்ண கூத்து இருக்கே! இதோட விதைய வெந்தயம் போடுற மாதிரி தூவி, மேல ஒரு விரக்கடை மண்ணப் போட்டு மூடிட்டேன். ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் வரல. விதை சரியில்லன்னு திட்டித் தீத்தேன். தப்பு என்னோடது. இதுக்கு வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். விதையப் பாருங்க, பென்சில் முனை ஒடிஞ்ச தூள் மாதிரி. கடுகு இதுக்குப் பெரியண்ணன்.

அடுத்த ஜனவரில ஒரு காலன் பிளாஸ்டிக் பால் கேன எடுத்து, கைப்பிடிக்குக் கீழ சுத்தி வெட்டினேன். ஒரு பக்கம் மட்டும் வெட்டாம விட்டா கதவு மாதிரி திறந்து மூடலாம். அடியில ஓட்டை, நாலு இஞ்ச் ஈர மண்ணு. விதைய மேலாப்புல தூவி உள்ளங்கையால ஒரு அழுத்து, அவ்ளோதான். டேப் ஒட்டி, மேல் மூடிய மட்டும் கழட்டிட்டு, கொட்டுற பனியில வெளிய வச்சிட்டேன். ஏப்ரல்ல பச்சை தெரிஞ்சுது!

ஆனா அந்த வருஷம் பூக்கல. தரையோட படிஞ்ச இலைதான், பூசணி இலை மாதிரி சுணையா இருக்கும். எங்க வீட்டுக்காரர் களைன்னு ரெண்டு செடியப் பிடுங்கியே போட்டுட்டாரு. பாவம், அவரச் சொல்லி என்ன, பாக்க அப்படித்தான் இருந்துச்சு. மறு வருஷம் ஜூன்லதான் மொட்டு வந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. மே மாசம் எங்க மாநிலத்துல பிரீக்னஸ் குதிரைப் பந்தயம் நடக்கும். ஜெயிச்ச குதிரைக்கு இந்தப் பூவால போர்வைன்னு பேரு. மே மாசத்துல இது எங்க பூக்குது? முன்னெல்லாம் டெய்சிப் பூ நடுவுல கறுப்புச் சாயம் பூசிச் சமாளிச்சாங்களாம்!

காஞ்ச பூத்தலை எல்லாத்தையும் வெட்டிடாதீங்க. நான் விதைக்குன்னு நாலு தலைய மட்டும் பேப்பர் கவர்ல போட்டுக்குவேன், மீதி கோல்ட்ஃபின்ச் குருவிக்கு. அட, அங்க பாருங்க ஒண்ணு... இருங்க, கேமராவத் திருப்பறேன்... போச்சு, பறந்துருச்சு.