கீழே கிடந்த ஒரு பந்து

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம்.

ஆட்டத்தோட போக்கை அதிகம் மாத்தினது வீரனோட திறமையா, அவன் பட்ட காயமா? காயமேன்னு பேச வந்திருக்கேன்.

2005, ஆகஸ்ட் 4. எட்ஜ்பாஸ்டன் மைதானம், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதுற ஆஷஸ் தொடரோட ரெண்டாவது டெஸ்ட். முதல் டெஸ்ட்ல ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ராத் ஒத்தை ஆளா 9 விக்கெட் எடுத்து, ஆஸ்திரேலியா 239 ரன்ல ஜெயிச்சிருக்கு. அந்த மனுஷன் காலையில உடம்பைச் சூடேத்த, சக வீரர்களோட ரக்பி விளையாடிட்டு இருக்கார். புல்லுல ஒரு கிரிக்கெட் பந்து கிடக்குது. மிதிச்சார். கணுக்கால் பிசகிடுச்சு. தசைநார் கிழிஞ்சிடுச்சு. ஆட்டத்துலயே இல்ல.

இன்னொரு தடவை சொல்றேன், மெதுவா. எந்தப் பந்தை வெச்சு உலகத்தையே நடுங்க வெச்சாரோ, அதே பந்து. யாரும் வீசல. யாரும் அடிக்கல. சும்மா கிடந்தது! அவர் இல்லாத அந்த ஆட்டத்துல டாஸ் ஜெயிச்ச ஆஸ்திரேலிய கேப்டன் பாண்டிங், இங்கிலாந்தை முதல்ல ஆடச் சொல்றார். ஒரே நாள்ல 407 ரன். கடைசியில ஆஸ்திரேலியாவுக்கு 282 வேணும். 9 விக்கெட் போயாச்சு. கடைசி ஜோடி ஒவ்வொண்ணா சேர்த்து, இன்னும் 3 ரன் எடுத்தா ஜெயிப்புங்கிற இடத்துக்கு வந்துடுச்சு. இங்கிலாந்தோட ஹார்மிசன் போட்ட பந்து கிளவுஸ்ல பட்டு கீப்பர் கைக்குப் போகுது. அவுட்! 2 ரன்ல இங்கிலாந்து ஜெயிச்சுது. அவுட்டானது யார் தெரியுமா? காஸ்ப்ரோவிச். மெக்ராத்துக்குப் பதிலா அன்னிக்குக் காலையில உள்ளே வந்தவர்.

அந்தத் தொடர்ல மெக்ராத் ஆடாதது ரெண்டே டெஸ்ட். இங்கிலாந்து ஜெயிச்சதும் ரெண்டே டெஸ்ட். ரெண்டும் ஒண்ணுதான் ஐயா! ஆஷஸ் 16 வருஷம் கழிச்சு கை மாறிடுச்சு.

இப்போ எனக்கு முன்னாடி பேசின திறமை அணித் தலைவருக்கு வர்றேன். “ஸ்கோர் கார்டுல ரன்னுக்குக் கட்டம் இருக்கு, விக்கெட்டுக்குக் கட்டம் இருக்கு, காயத்துக்குக் கட்டம் இருக்கா? கட்டுப் போட்டவன் எவனும் கணக்குல வரமாட்டான்”னு சொன்னார். நீங்களும் கை தட்டினீங்க. அந்தக் கைதட்டலை அப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல.

கட்டம் இருக்கு ஐயா. 2019 ஆகஸ்ட்ல நடந்த லார்ட்ஸ் ஆஷஸ் டெஸ்ட் கார்டை எடுத்து, ஆஸ்திரேலியாவுக்கு பேட் பிடிச்சவங்களை எண்ணுங்க. 11 பேர் ஆடுற ஆட்டத்துல 12 பேர் இருப்பாங்க! இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆர்ச்சரோட பந்து ஆஸ்திரேலியாவோட ஸ்டீவ் ஸ்மித் கழுத்துல பட்டுது. தலைக்குள்ள அதிர்ச்சி. அவருக்குப் பதிலா லபுஷேன் வந்தார். மூளை அதிர்ச்சிக்கு மாற்று வீரரா டெஸ்ட்ல இறங்கின முதல் ஆள் அவர்தான். அந்த விதியே அந்த மாசம்தான் நடைமுறைக்கு வந்துது. வந்ததும் ஆர்ச்சர் அவர் ஹெல்மெட் கம்பியிலயும் ஒண்ணு போட்டார். விழுந்தார், எழுந்தார், 59 அடிச்சார். ரெண்டு வருஷம் கழிச்சு டெஸ்ட் பேட்டிங் தரவரிசையில உலகத்துக்கே முதலிடம். அவருக்குக் கதவைத் திறந்தது இன்னொருத்தர் கழுத்துல விழுந்த அடி.

அடுத்தது, கட்டுப் போட்டவன் கணக்குல வரமாட்டானாம்! 2002, ஆன்டிகுவா. பேட் பிடிக்கும்போது மேற்கிந்தியத் தீவுகளோட டில்லன் போட்ட பந்து அனில் கும்ப்ளேவோட தாடையை உடைச்சிடுச்சு. அறுவை சிகிச்சைக்கு ஊருக்குக் கிளம்பணும். அவர் என்ன செஞ்சார்? உச்சந்தலையில இருந்து மோவாய்க்கட்டை வரைக்கும் வெள்ளைத் துணியைச் சுத்திக் கட்டிட்டு மைதானத்துக்குள்ள வந்தார். வாயைத் திறந்து அப்பீல் கேக்கவே உயிர் போகும். 14 ஓவர் போட்டார். அவங்களோட பெரிய பேட்ஸ்மேன் லாராவை எல்.பி.டபிள்யூ.ல வீழ்த்தினார்.

அது திறமைதானேன்னு எதிரணியில முணுமுணுக்கிறது காதுல விழுது. திறமையால அவர் எடுத்தது 619 விக்கெட். டெல்லியில ஒரே இன்னிங்ஸ்ல எடுத்த பத்தை விட்டா, ஜனங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது கட்டுப் போட்ட முகத்தோட எடுத்த அந்த ஒண்ணுதான். கணக்குல வரலையா? நெஞ்சுல வந்து உட்கார்ந்துட்டார் ஐயா!

நடுவர் மணி அடிச்சிட்டார். ஒரு நிமிஷம் கொடுங்க. இதைச் சொல்லாம இறங்கினா எனக்குத் தூக்கம் வராது.

1962, மார்ச். பார்படோஸ். ஹெல்மெட் இல்லாத காலம். இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்கு 28 வயசு. கிரிஃபித் போட்ட பந்து தலையில பட்டு மண்டையோடு உடைஞ்சிடுச்சு. அடுத்த டெஸ்டுக்கு 21 வயசு பட்டோடி கேப்டன். ஒரு கண்ணுல மட்டும் நல்ல பார்வை இருந்த அந்தப் பையன்தான், 6 வருஷம் கழிச்சு நியூசிலாந்துல, வெளிநாட்டு மண்ணுல இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் தொடரை வாங்கிக் கொடுத்தார். கான்ட்ராக்டர் பிழைச்சார், உள்ளூர் ஆட்டத்துக்கும் திரும்பினார். டெஸ்ட் மட்டும் மறுபடி அவருக்கு வாய்க்கவே இல்ல.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. அன்னிக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் வேணும்னாங்க. இந்திய வீரர்கள் கொடுத்தாங்க. அவங்களோட சேர்ந்து கையை நீட்டினவர் மேற்கிந்தியத் தீவுகள் கேப்டன் ஃப்ராங்க் வொரல். எதிரணி, ஐயா. எதிரணித் தலைவர்.

வொரல் 1967-ல, 42 வயசுல போயிட்டார். அவர் பேர்ல வருஷா வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதி வங்காள கிரிக்கெட் சங்கம் ரத்ததான முகாம் நடத்துது. அங்கே வரிசையில நிக்கிற பிள்ளைங்க வொரல் ஆடிப் பார்த்ததில்ல, கான்ட்ராக்டர் ஆடிப் பார்த்ததில்ல. சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு, கையை நீட்டிப் படுத்துக்கிறாங்க.