மக்களே ஆய்வை நடத்தினால் முடிவை நம்பலாமா?

சரி, அடுத்த கேள்வி. நர்சிங் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "கனடாவில் பூர்வகுடிப் பெண்களும் மாற்றுப் பாலினத்தவரும் தங்கள் உடல்நலம் பற்றிய ஆய்வைத் தாங்களே முன்னின்று நடத்துகிறார்கள் என்றீர்கள். பாதிக்கப்பட்டவர்களே ஆராய்ந்தால் முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடாதா?"

கேட்க வேண்டிய கேள்விதான். டொராண்டோவைப் பாருங்கள். அந்த நகரத்துப் பூர்வகுடியினரில் பலர் அரசுக் கணக்கெடுப்பில் விடுபட்டுப் போனார்கள். நிலையான முகவரி இல்லாதவர்கள் உண்டு. அரசாங்கம் என்றாலே கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. சாத்தாமல் என்ன செய்வார்கள்? பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய் விடுதிப் பள்ளிகளில் அடைத்த அரசு அல்லவா அது!

அங்கே பூர்வகுடி மருத்துவச்சிகளின் அமைப்பு ஒன்று, ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வை நடத்தியது. என்ன கேட்பது என்பதைச் சமூகத்தோடு உட்கார்ந்து முடிவு செய்தார்கள். பேட்டி கொடுத்தவரிடம், அடுத்தவர்களை ஆய்வுக்கு அழைக்கச் சில கூப்பன்களைக் கொடுப்பார்கள். அவர் தனக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் வந்து பேசுவார்கள், அவர்களுக்கும் கூப்பன் கிடைக்கும். யாருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால், அரசு சொன்னதைப் போல 2 முதல் 4 மடங்கு மக்கள் அங்கே இருக்கிறார்கள்! ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைகளுக்குள் அடங்காத பூர்வகுடியினர் சிலர் தங்களை 'டூ-ஸ்பிரிட்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களின் மனநலம் பற்றித் தனி அறிக்கையும் வந்தது. கேள்வித்தாளில் 'ஆண்', 'பெண்' என்று இரண்டே கட்டம் போட்டிருந்தால் அவர்கள் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்கள். இப்போது சொல்லுங்கள், சாய்ந்திருந்தது எந்தக் கணக்கு?

வெளியார் கையில் மட்டும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1980களில் கனடாவின் வான்கூவர் தீவில் வாழும் நூ-சா-நுல்த் பூர்வகுடி மக்களில் 883 பேர், முடக்குவாத ஆய்வுக்கு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தம் அமெரிக்காவுக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் போனது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர்களின் பூர்வீகத்தை ஆராயப் பயன்படுத்தினார்கள். 2004இல்தான் அது திரும்பி வந்தது. எனக்கு இதை நினைத்தாலே வயிறு எரிகிறது. தரவு சமூகத்துக்கே சொந்தம், யார் பார்க்கலாம், எங்கே வைக்கலாம் என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள் என்ற நெறியைக் கனடாவின் பூர்வகுடியினரில் ஒரு பிரிவான முதல்குடி மக்கள் 1998இல் வகுத்ததற்கு இப்படிப்பட்ட அனுபவங்கள்தான் காரணம்.

அப்புறம், சமூகம் நடத்துகிறது என்பதற்காகப் புள்ளியியலில் யாரும் சலுகை தருவதில்லை. மாதிரி எடுத்த விதம், பிழை வரம்பு எல்லாவற்றையும் வழக்கம்போலத்தான் சோதிப்பார்கள். நீங்களும் சோதியுங்கள். கூடவே, கேள்வித்தாளை யார் எழுதினார்கள், தரவு இப்போது யார் கையில் இருக்கிறது என்றும் தேடிப் பாருங்கள் தங்கை. எந்த ஆய்வறிக்கையை எடுத்தாலும் சரி.