பால் காய்ச்சுற வீட்டுக்கு இன்னொரு வால் கிளாக் வேணுமா?

எல்லாருக்கும் வணக்கம். பால் காய்ச்சுறாங்கன்னு பத்திரிகை வந்து பத்து நாள் ஆயிருக்கும், நாம முந்தின நாள் ராத்திரி கடைல போய் நின்னுட்டு "அண்ணே, ஐநூறு ரூபாய்க்குள்ள பாக்க பெருசா ஏதாச்சும் எடுங்க"ன்னு கேப்போம், அவர் கை தானா வால் கிளாக் பக்கம் போகும். இல்லன்னா ஹாட்பாக்ஸ்.

(ஸ்க்ரீன்ல: பரண்ல பிரிக்காம கெடக்குற கிஃப்ட் பெட்டிங்க)

ஜோயல் வால்ட்ஃபோகல்னு ஒரு பொருளாதார ஆள், 1993ல ஒரு ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவுல யேல் யூனிவர்சிட்டி பசங்ககிட்ட, கிறிஸ்துமஸுக்கு வந்த கிஃப்ட்டை நீங்களே காசு போட்டு வாங்குறதா இருந்தா எவ்ளோ குடுப்பீங்கன்னு கேட்டிருக்கார், பாசத்தை எல்லாம் ஓரமா வச்சுட்டு சொல்லுங்கன்னு. கணக்குப் போட்டா, குடுத்த விலைல 10 சதவீதத்துல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் வீணாப் போயிருக்கு. ஃப்ரெண்ட்ஸ் வாங்கினதுல நஷ்டம் கம்மி, தாத்தா பாட்டி, அத்தை மாமா வாங்கினதுல ஜாஸ்தி, ஆனா பணமா குடுக்குறதும் அவங்கதான் அதிகம். அதனால என்ன வாங்குறதுன்னு தெரியலயா, ஒத்த ரூபா காயின் ஒட்டின மொய் கவர்ல 500 வச்சுக் குடுங்க, ஒரு கொறச்சலும் இல்ல.

பொருளாத்தான் குடுப்பேன்னா, அவங்க அந்த வீட்ல இருக்கப் போற முதல் வாரத்தை நெனச்சுப் பாருங்க. எலக்ட்ரீஷியன் ப்ளக் பாயின்ட் வச்சது ஒரு மூலை, கட்டில் போட்டது வேற மூலை, ஃபோன் சார்ஜ் போட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடுவாங்க. துணி காயப்போட ஸ்டாண்டு இருக்காது. லாஃப்ட்ல சாமான் ஏத்த ஏணி இருக்காது, பக்கத்து வீட்ல பழக்கம் ஆகுறதுக்கு முன்னாடியே போய் ஏணி கேட்டு நிப்பாங்க. நாலு பேர் சேர்ந்து ஒரு அலுமினிய ஏணி வாங்கிக் குடுங்களேன், விசேஷ வீட்டுக்குள்ள ஏணிய தூக்கிட்டு போனா ஒரு மாதிரி பாப்பாங்க, பாக்கட்டும்.

எவர்சில்வர் எடுத்தீங்கன்னா கடைக்காரர் பேர் வெட்டுற மெஷினோட ரெடியா இருப்பார். "அன்பளிப்பு, இன்னார் குடும்பத்தார்"னு அண்டால வெட்டியாச்சுன்னா அதை மாத்தவும் முடியாது, வேற யாருக்கும் தள்ளிவிடவும் முடியாது. பில்லை உள்ள போட்டுக் குடுத்துருங்க. சின்ன சொம்புன்னா வெட்டிக்கோங்க, பேரப்புள்ளைங்க எடுத்து வாசிக்கும்.

குழந்தை பாக்கப் போறவங்களுக்கும் இதே கதைதான். எல்லாரும் நியூபார்ன் சைஸ் டிரஸ்ஸே எடுப்பாங்க, குழந்தை வெயிட்டு அஞ்சு மாசம் வாக்குல ரெண்டு மடங்கு ஆயிடும். பெரிய சைஸா எடுங்க, மாசத்தையும் எண்ணிக்கோங்க, ஐப்பசில பொறந்த புள்ளைக்கு 6-9 மாச சைஸ்ல ஸ்வெட்டர் எடுத்தா அது அக்னி நட்சத்திரத்துலதான் போட முடியும்.

நேரா கேட்டா என்னன்னு தோணும். "என்ன வேணும்"னு கேட்டீங்கன்னா "அய்யோ அதெல்லாம் எதுக்கு, நீங்க வந்தாலே போதும்"னுதான் வரும். அதுக்குப் பதிலா சும்மா பேச்சுவாக்குல "சாமான்லாம் ஏத்தியாச்சா, மாப்பு, பக்கெட்டெல்லாம் வாங்கியாச்சா"ன்னு போட்டுப் பாருங்க, "எங்கக்கா ஏத்துறது, இவரு ஸ்டூல் மேல சேர் போட்டு ஏறிட்டு இருக்காரு"ன்னு அவங்களே சொல்லிருவாங்க.