'ர்' போயி 'ன்' வந்த கதை

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம், முன்வரிசைல முறுக்கு தின்னுட்டு இருக்கற அக்காவுக்கு தனி வணக்கம். அஞ்சு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

மணிக்கொடி, கலைமகள்னு ரெண்டு பத்திரிகைங்க கதைகளை வெளியிட்ட காலத்துச் சிறுகதைகள்ல பெண்கள் ஏங்குனது அன்புக்கா சுதந்திரத்துக்கான்னு தலைப்பு. எங்க அணி சுதந்திரத்துக்குத்தான்ங்குது. எதிரணி அண்ணன் எந்திரிச்சாரு, "எழுத்தாளர் கு.ப.ராஜகோபாலன் கதைக்குப் பேரே கனகாம்பரம்தான், நாலு முழம் பூ வாங்கிக் குடுத்தா தீந்துபோற ஏக்கம் அது"ன்னாரு. நீங்களும் கை தட்டுனீங்க! அண்ணே, பேரை மட்டும் படிச்சுட்டு வந்தா இப்படித்தான். அந்தக் கதைல புருஷன் வீட்ல இல்லாதப்ப அவனோட சிநேகிதன் வர்றான், அந்தப் பொண்ணு உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்லுது, அவ்ளோதாங்க, அதுக்கே பதறிப்போயி அவன் கிளம்பிட்டான். உக்காருங்கன்னு சொல்றதுக்கே இவ்ளோ களேபரம்னா எங்கண்ணே பூவைக் கொண்டுவந்து வெப்பீங்க? அதுவும் வாசனையே இல்லாத பூவு! அண்ணி மதுரைக்காரங்க, மல்லியப் பத்தி அவங்ககிட்டயே கேட்டுக்கங்க.

சரி, புதுமைப்பித்தனுக்கு வர்றேன். 1943ல கலைமகள்ல வந்த சாப விமோசனம்ங்கற கதை. வனவாசம் முடிஞ்சு வந்த சீதை, அகலிகைகிட்ட தீக்குளிச்சதச் சொல்றா. "அவர் கேட்டார், நான் செய்தேன்". அகலிகை கத்துறா, "அவன் கேட்டானா?"

கவனிச்சீங்களா? தன்னைக் கல்லுலருந்து எழுப்புன ராமனை அவன்ங்கறா. 'ர்' போயி 'ன்' வந்துருச்சு. ஒரு எழுத்துதான் மாறுச்சு, மொத்த மரியாதையும் காலி.

இந்த 'ன்' எங்க வீட்லயும் ஒருதடவ விழுந்திருக்கு. எங்க அப்பத்தா ஒரு செவல மாடு வளத்துச்சு, பால் வித்த காசு அப்பத்தாவுக்குன்னு, யார்கிட்டயும் கை நீட்ட வேண்டியதில்ல. தாத்தா ஒருநாள் அப்பத்தாவ ஒரு வார்த்த கேக்காம அந்தியூர் சந்தைல மாட்ட வித்துட்டு வந்துட்டாரு, கழுத்து மணிய மட்டும் கழட்டிட்டு வந்து திண்ணைல வெச்சாரு. அப்பத்தா காட்டுலருந்து புல்லுக்கட்டோட வருது, கட்டுத்தறி காலி. புல்லுக்கட்டு தலைலயே இருக்குது, எறக்கல. தாத்தா பேரச் சொல்லாது, ஏனுங்கன்னுகூட சத்தமா கூப்பிடாது, அப்படிப்பட்ட அப்பத்தா எங்கம்மாகிட்ட திரும்பி, "அவன் வித்துப்போட்டானாம் அம்மிணி"ங்குது.

அவன்! அடுப்புல பால் பொங்கிட்டு இருக்குது, எறக்க ஆளில்ல. தாத்தா துண்டை ஒதறுனாரு, தோள்ல போட்டாரு, மறுபடி ஒதறுனாரு. எங்கப்பா வாசப்படில ஒத்தக்கால் செருப்போட நிக்கறாரு, இன்னொரு காலை மாட்டறதா கழட்டறதான்னு தெரியல. (நீங்க சிரிக்கறீங்க, அன்னைக்கு எங்க வீட்ல யாரும் சிரிக்கல.) அண்ணே, அன்னைக்கு தாத்தா நாலு முழம் கனகாம்பரம் வாங்கிட்டு வந்திருந்தா அதை மாட்டுக்கா வெக்கறது, மாடுதான் இல்லையே!

புதுமைப்பித்தனோட 1934 கதை பொன்னகரம் பத்தியும் எழுதி வெச்சிருக்கேன், புருஷனுக்குப் பால் கஞ்சி வாக்க முக்கா ரூவாய்க்குத் தன்னையே வித்த அம்மாளு, ஆனா எனக்கு இப்ப அப்பத்தாதான் கண்ணுல நிக்குது. அப்புறம் சாகற வரைக்கும் தாத்தாவுக்கு சோறு போட்டுச்சு, கால் அமுக்குச்சு, அவருங்க இவருங்கன்னுதான் சொல்லுச்சு. வேற மாடு வாங்கித் தர்றேன்னப்ப மட்டும் வேண்டாம்னுருச்சு. அப்பத்தா போனப்புறம் அதோட தகரப் பெட்டியத் தொறந்தோம். ரெண்டு சேலை, ஒரு சுருக்குப்பை, அடில பழைய துணில சத்தம் வராம இறுக்கி முடிஞ்சு வெச்ச அந்தக் கழுத்து மணி.

நடுவர் ஐயா மணி அடிச்சுட்டீங்க, தெரியுதுங்க, இதோ உக்காந்துக்கறேன். அந்த மணி இப்ப எங்கம்மா பெட்டில இருக்குது. துணிய இன்னும் அவுக்கலைங்க.